எழுத்தின் வழியே வந்த வெயில்

ஓடைமேட்டுக்கு மேற்கே சுவர் எழும்பியது ஒரு மாட்டுப் பொங்கலன்று. இந்தப் பக்கம் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, மேளம் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பக்கம் லாரி லாரியாகச் செங்கல் இறங்கியது; மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை; மறுநாள் காணும் பொங்கலுக்குப் புதுப்பாவாடை கட்டிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பியவர்கள், தாங்கள் பிறந்ததிலிருந்து நடந்த பாதை ஈரம் காயாத சிமெண்டில் போய் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்கள். சிலர் தொட்டுப் பார்த்தார்கள். விரல் ரேகை பதிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பூஞ்சோலை நகர் இருந்தது, நகரைத் தாண்டி மெயின் ரோடு இருந்தது, ரோட்டோரம் பஸ் நிறுத்தமும் ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருந்தன. இந்தப் பக்கம் ஓடையும் ஓடைமேட்டு ஜனங்களும் மட்டும் மிச்சமாக இருந்தார்கள்.

திருட்டு பயம் என்று நகர்க்காரர்கள் சொன்னார்கள். என்ன திருட்டுப் போனது என்று கேட்டதற்குப் போகாமல் இருக்கத்தான் சுவர் என்றார்கள்.

அன்றிலிருந்து ஓடைமேட்டு ஜனங்கள் ஓடைக்கரை மேலேறி, கருவேலங்காட்டைச் சுற்றி, லாரிகள் பறக்கும் பைபாஸ் ரோட்டில் ஒண்டி ஒண்டி நடந்து டவுனுக்குப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் மணியைக் கேட்பதையே விட்டார்கள். பிரசவ வலி வந்தவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனவர்கள் பாதி வழியிலேயே குழந்தையோடு திரும்பி வந்தார்கள். பைபாஸில் பிறந்ததால் அந்தக் குழந்தைக்கு லாரி ஆரன் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வந்தது.

எல்லோரையும்விடச் சுவர் அதிகமாக இடித்தது பவுனம்மாளைத்தான். பவுனு இஸ்திரி போடுகிறவள். காலையில் தள்ளுவண்டியில் கரிப்பெட்டியை வைத்து, கொட்டாங்கச்சிக் கரி மூட்டையைக் கட்டி, பூஞ்சோலை நகர் இரண்டாவது தெருப் புங்கமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போவாள். சாயங்காலம் அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். நகர்க்காரர்களின் சட்டைகளையெல்லாம் அவளுக்குத் தெரியும்: எந்தச் சட்டைக்குக் கழுத்தில் கஞ்சி அதிகம் வேண்டும், எந்தப் புடவையின் ஜரிகை சூடு தாங்காது என்று. சுவர் வந்த பிறகும் அந்தச் சட்டைகளுக்கு இஸ்திரி தேவைப்பட்டது. அதனால் வண்டியோடு பைபாஸைச் சுற்றினாள்.

ஊரில் மனு எழுதுகிறவர் மாசிலாமணி. டீக்கடை வைத்திருந்தார். நல்ல தமிழ் தெரிந்தவர். எந்த அதிகாரிக்கு எந்த அடைமொழி போட வேண்டும் என்பதும் தெரிந்தவர். சுவர் எழும்பிய வாரத்திலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார். அதற்கெல்லாம் கடைசியில் ஒரு பதில் வந்தது: மனுவில் குறிப்பிட்ட இடத்தில் பாதை எதுவும் இருந்ததாகப் பதிவுகளில் இல்லை, எனவே அடைக்கப்பட்டதாகக் கூறுவது பொருந்தாது. மாசிலாமணி அதைக் கடையில் உரக்கப் படித்தார். கேட்டவர்கள் தங்கள் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள், இத்தனை வருஷமாக எதன்மேல் நடந்தோம் என்று.

பங்குனி வெயிலில் ஒரு நாள் பவுனுவின் வண்டி பைபாஸில் கவிழ்ந்தது. பின்னால் வந்த லாரி அடித்த ஆரனில் கை நழுவிச் சக்கரம் பள்ளத்தில் இறங்க, தணல் சிதறி, மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகள் மண்ணில் விழுந்து, கல்யாணத்துக்காகக் கொடுத்திருந்த ஒரு வெண்பட்டு வேட்டியில் கரி பூசிக்கொண்டது. அவளுக்கு அடி படவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கி வண்டியில் போட்டு, அவிந்த கரியைக்கூட விடாமல் அள்ளிக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள். ஓடைமேட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியை நேரே சுவர்வரைக்கும் தள்ளினாள். இடிக்கிற மாதிரி கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்தாள். திட்டலாமென்று வாயைத் திறந்தால் திட்டு வரவில்லை. கையில் ஒரு கரித்துண்டு இருந்தது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்திய கையெழுத்தில், எட்டின உயரத்தில், பெரிசு பெரிசாக எழுதினாள்:

இது நாங்கள் நடந்த வழி.

எழுதி முடித்துப் பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். 'ழி' கொஞ்சம் கோணலாக இருந்தது. பரவாயில்லை என்று வீட்டுக்குப் போய்ச் சட்டைகளைத் தண்ணீரில் முக்கினாள்.

வெயில் சாய்ந்தபோது அந்த எழுத்துகள் சுவருக்குள் இறங்கிவிட்டன. கரி சிமெண்டுக்குள் இறங்கியது, சிமெண்டிலிருந்து செங்கலுக்குள் இறங்கியது, செங்கலைத் தாண்டி அந்தப் பக்கம் வெளியேறி எங்கோ போய்விட்டது. அது போன வழி அப்படியே திறந்திருந்தது. கூர்மையாக, பிசிறில்லாமல், எழுத்து எழுத்தாக வெயில் உள்ளே வந்தது. சுழிகளுக்கு நடுவே இருந்த சிமெண்டுத் துண்டுகள் எதையும் பிடித்துக்கொள்ளாமல் தங்கள் இடத்தில் நின்றன. பவுனுவின் புருஷன் காத்தவராயன் கொத்து வேலைக்குப் போகிறவன். அவன் வந்து ஒரு துண்டை விரலால் லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு, நிக்குது என்று சொல்லி டீக்குடிக்கப் போனான். மற்றவர்களும் அவ்வளவுதான் பேசினார்கள். இல்லாத பாதையில் இத்தனை காலம் நடந்திருக்கிறோம் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்த பிறகு, சுவருக்குள் எழுத்து இறங்கியதில் யாருக்கும் பெரிதாக ஆச்சரியம் மிச்சமிருக்கவில்லை.

அந்த வாரமே அந்த எழுத்துகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. 'ங்'கின் வழியாகக் காற்று நன்றாக வருகிறதென்று பிள்ளைத்தாய்ச்சிகள் அதன் எதிரே உட்கார்ந்தார்கள். 'வ'வில் ஒரு சிட்டுக்குருவி வைக்கோல் கொண்டுவந்து வைத்தது. நகருக்குக் காய் விற்கப் போகிற பெண்கள் பைபாஸைச் சுற்ற முடியாத நாளில் 'து'வின் வழியாகக் கீரைக்கட்டை நீட்டினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது. கத்திரிக்காய் மட்டும் போகவில்லை.

சுவரின் அந்தப் பக்கம் நடந்தது வேறு. நகர்க்காரர்களுக்கு எழுத்துகள் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவது போலத் தெரிந்தன. யாரும் படிக்க முயலவில்லை. ஆனால் காலையில் சூரியன் ஓடைமேட்டுப் பக்கமிருந்து எழும்பியபோது, வெயில் அந்த ஓட்டைகளின் வழியாக நுழைந்து, நகரின் சிமெண்ட் ரோட்டில் ஒரு வரியை நேராக, கோணல் 'ழி'யோடு, பொன்னிறமாக எழுதிப் போட்டது. காலை நடைக்கு வந்தவர்கள் அதன் முன்னால் நின்றார்கள். படித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அதைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போனார்கள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். எழுத்தின்மேல் எப்படி மிதிப்பது.

அதைப் பவுனுதான் முதலில் கவனித்தாள். புங்கமரத்தடியிலிருந்து பார்க்கும்போது, பெரிய பெரிய மனிதர்கள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, வெறும் வெயிலைச் சுற்றி வளைந்து நடந்தார்கள். சாயங்காலம் வந்து டீக்கடையில் அதைச் சொன்னாள். பிறகு எல்லோரும் கரி கேட்டார்கள்.

எழுதியது எல்லாம் இறங்கவில்லை. காத்தவராயன், தீபாவளியிலிருந்து தான் குடிப்பதில்லை என்று எழுதினான்; அது கரியாகவே நின்றது; போகிற வருகிறவர்களெல்லாம் படித்துவிட்டுப் போனார்கள், அவனே ராத்திரிக்குள் துணியை நனைத்துத் துடைத்துவிட்டான். தேர்தல் வேலையாக வந்த ஒரு கட்சிக்காரர் நல்ல பெயிண்டில் தன் தலைவரை ஏழைகளின் விடிவெள்ளி என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த மழையில் விடிவெள்ளி வழிந்து ஓடையில் கலந்தது. ஆனால் வேலைக்குப் போகும் ஒரு பெண், எனக்குக் கால் வலிக்கிறது என்று மட்டும் எழுதினாள். அது அவள் கை எடுப்பதற்குள் இறங்கிவிட்டது.

மாசிலாமணி ஒரு முழு மனுவையே சுவரில் எழுதினார். மாண்புமிகு என்று ஆரம்பித்துக் கருணை கூர்ந்து என்று முடிகிற மனு. எழுத ஒரு பகல் பிடித்தது, ஏணி தேவைப்பட்டது. மறுநாள் வந்து பார்த்தால், மேலே மாண்புமிகுவும் கீழே கருணையும் கரியாகவே இருந்தன, நடுவிலிருந்து ஒரே ஒரு வரி மட்டும் இறங்கி வெளிச்சமாக இருந்தது: ஓடையில் தண்ணீர் வரும்போது பிள்ளைகளைத் தோளில் தூக்கிப் போகிறோம். மாசிலாமணி அதன் எதிரே வெகுநேரம் நின்றார். பிறகு கடைக்குப் போய், ஆரம்பித்து வைத்திருந்த மனுவை மடித்து அடுப்பில் போட்டுவிட்டு, புதுத் தாளில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி, கீழே ஊர்ப் பெயரை எழுதி, தபாலில் போட்டார். அதற்குப் பிறகு அவர் எழுதிய மனுக்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. உள்ளங்கை அகலத்துக்குமேல் போகவில்லை.

சித்திரை முடிவதற்குள் நகரின் கிழக்குத் தெரு முழுவதும் எழுத்தாகிவிட்டது. விடிந்ததும் ரோடு நிறைய வரிகள் விழுந்தன. என் மகன் மழையில் நனைந்த புத்தகத்தோடு பரீட்சை எழுதினான். எங்கள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் போதவில்லை. இந்த நகருக்கு அஸ்திவாரம் தோண்டியது நாங்கள். கால் வைக்க இடமில்லாமல் நகர்க்காரர்கள் காலை நடையை விட்டார்கள். கார்க்காரர்கள் வெயில் ஏறி எழுத்துகள் சுருங்கிச் சுவரடிக்குப் போகும்வரை வண்டியை வெளியே எடுக்காமல் காத்திருந்தார்கள்; அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனார்கள்; காரணம் கேட்டபோது வழி இல்லை என்று சொன்னார்கள்.

நகர் நலச் சங்கத்தின் செயலாளர் தணிகாசலம். பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலையில் எழுந்ததும் மொட்டைமாடியிலிருந்து சுவரை ஒரு தடவை பார்த்தால்தான் காப்பி இறங்கும் என்ற அளவுக்கு அதன்மேல் பிரியம் வைத்தவர். ஆள் வைத்து ஓட்டைகளைப் பூசினார். பூச்சு காய்ந்ததும் எழுத்தின் அளவுக்கு மட்டும் உதிர்ந்து விழுந்தது. பிளெக்ஸ் பேனர் கட்டினார். பேனரின் பின்னால் வெயில் பட்டதும் அதில் இருந்த வாழ்த்து மறைந்து இவர்கள் எழுதியதுதான் தெரிந்தது. கடைசியில் போலீஸில் புகார் கொடுத்தார். கூடவே, அந்த இஸ்திரிக்காரியிடம் யாரும் துணி போட வேண்டாமென்று வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார்.

பவுனுவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போன அன்று அவள் புங்கமரத்தடியில் ஒரே ஒரு வீட்டுத் துணியைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் விட்டு வந்த ரவிக்கையைப் பற்றியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். பயம் இல்லை என்று சொல்ல முடியாது. உள்ளங்கை வேர்த்து, கரி கரைந்து, புடவையில் துடைத்த இடமெல்லாம் கறுப்பாகியது. வெளியே வேப்பமரத்தடியில் ஓடைமேட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் போடவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் எந்த ஆயுதத்தால் சுவரைச் சேதப்படுத்தினாய் என்று கேட்டார். பவுனு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கரித்துண்டை மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பேனாவால் உருட்டிப் பார்த்தார். இதை எழுதிக் கொடுத்தால் கோர்ட்டில் சிரிப்பார்கள் என்று பக்கத்தில் இருந்த ஏட்டு மெதுவாகச் சொன்னார்.

"இனிமே எழுதக்கூடாது, தெரிஞ்சுதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதக்கூடாதுன்னு நீங்க வந்து சுவத்துல எழுதிடுங்க சார்" என்றாள் பவுனு. கேலியாகச் சொல்லவில்லை, அது ஒரு வழிதானே என்று நினைத்துத்தான் சொன்னாள். "அது உள்ள எறங்கிட்டா நாங்க விட்டுடறோம்."

இன்ஸ்பெக்டருக்கும் அந்தச் சுவரைப் பற்றித் தெரிந்திருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து ஃபேனைப் பார்த்தார். அவர் எழுதி, அது இறங்காமல் அங்கேயே நின்றுவிட்டால், அதைப் படிக்காதவர்கள் அந்த டவுனில் யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கரித்துண்டைத் தள்ளி அவள் பக்கம் வைத்து, போம்மா என்றார்.

அந்த ஒரே வீட்டுத் துணி வத்சலாவின் துணி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுள் முழுவதும் பிறர் பேச்சை இணைத்துவிட்டே ஓய்வு பெற்றவர்; பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள்; சங்கத்தின் பேச்சைக் கேட்காமல் பவுனுவிடம் துணி போட்டவர் அவர் மட்டும்தான். பவுனு ஸ்டேஷனிலிருந்து வந்து, விட்ட ரவிக்கையைத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வத்சலா பணம் கொடுக்காமல் ஒரு துண்டுக் கரி கேட்டார். எதற்கென்று பவுனு கேட்கவில்லை. வத்சலா செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை நடந்து, பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, தங்கள் பக்கத்துச் சுவரில், டெலிபோன்காரியின் தெளிவான கையெழுத்தில் எழுதினார்: எனக்கு இங்கே பேச்சுத் துணை இல்லை.

அது இறங்கியது. மேற்கிலிருந்து எழுதப்பட்ட முதல் வரி அது. சாயங்கால வெயில் அதன் வழியாகச் சாய்ந்து ஓடைமேட்டு மண்ணில் நேராக விழுந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள் அதைச் சுற்றி நின்று படித்தார்கள். அவர்களும் அதை மிதிக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த வரியின் எதிரே யாராவது ஒருத்தி உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பக்கம் வத்சலா நாற்காலி போட்டுக்கொண்டார். மருமகள்களைப் பற்றியும் முட்டி வலியைப் பற்றியும், எந்த மாவுக்கு எவ்வளவு உளுந்து என்பதைப் பற்றியும், 'பே'யின் கொம்பு வழியாகப் பேச்சு போய் வந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். ஓடைமேட்டுப் பெண் வேலைக்கு வராததால் வீட்டு வேலை எல்லாம் நானே செய்கிறேன் என்று ஒரு அம்மாள். என்னை யாரும் கேட்கவில்லை என்று ஒரு கல்லூரிப் பெண். இறங்கியதும் இறங்காததுமாக இரண்டு பக்கமும் சுவர் நிறைந்துகொண்டே போனது.

தணிகாசலம் அசையவில்லை. அவருக்கும் எழுதத் தெரியும்; ஆயுள் முழுக்கப் பத்திரங்களைச் சரி பார்த்தவர். ஒரு காலையில் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்து, சுவரின் அடிப்பக்கம், யாரும் குனியாததால் எழுதாமல் விட்டிருந்த நீளமான இடத்தில், இந்த இடம் எங்களுக்குச் சொந்தம் என்று எழுதினார். எதிரே உட்கார்ந்து காத்திருந்தார். இறங்கவில்லை. மறுநாள் அதை வெள்ளையடித்து, இந்த இடம் எங்களுக்கும் சொந்தம் என்று எழுதினார். இறங்கவில்லை. அதற்கும் மறுநாள், சொந்தமாக இருக்கக்கூடும் என்று எழுதினார். அதற்குச் சுவர் ஒரு சொட்டுக்கூட உறிஞ்சவில்லை. ஒவ்வொரு நாளும் வார்த்தையைக் குறைத்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார், சட்டப் பிரிவு சேர்த்துப் பார்த்தார். எழுத்தின் ஓட்டை வழியாக ஓடைமேட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரித்தார்கள். சில நாளில் சிரிப்பு நின்றது. வெயிலில் குந்தி உட்கார்ந்து, தப்புத் தப்பாக எழுதி அழிக்கும் ஒரு வயதான மனிதரைப் பார்த்து எத்தனை நாள் சிரிக்க முடியும். யாரோ ஓட்டை வழியாக ஒரு தம்ளர் மோர் நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை, ஆனால் எடுத்துப் போகச் சொல்லவும் இல்லை.

ஆனியில் ஒரு மத்தியானம் பவுனு சுவரோரமாக வண்டியை நிறுத்தி நிழலில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

"ஏம்மா, யாரு அங்கே? பவுனா?"

"ஆமா சார்."

"உன் எழுத்து மட்டும் எப்படி எறங்குது?"

"எனக்குத் தெரியாது சார். நடந்ததை எழுதினேன். அவ்ளோதான்."

பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசுகிற சத்தம் கேட்டது. பவுனுவுக்கு அவர்மேல் கோபம் வைத்திருக்க வேண்டுமென்று தோன்றியது, தேடிப் பார்த்தாள், இருந்தது, ஆனால் அதன் பக்கத்திலேயே வேறொன்றும் நினைவில் இருந்தது. அதைச் சொன்னாள்.

"நீங்க மனை பாக்க மொதல் மொதல்ல வந்தப்ப அந்தப் பக்கம் வண்டி வர ரோடே கெடையாது சார். எங்க ஓடை வழியாத்தான் வந்தீங்க. ஸ்கூட்டர் சேத்துல மாட்டிக்கிச்சு. எங்க வூட்டுக்காரருதான் தள்ளிவுட்டாரு. உங்க சம்சாரம் கைல செருப்ப வச்சிக்கினு எங்க வூட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. நல்லா இருக்குன்னு இன்னொரு சொம்பு கேட்டாங்க."

அந்தப் பக்கம் பிரஷ் அலசுகிற சத்தம் நின்றது. அவர் மனைவி செத்துப்போய் வருஷங்களாகிவிட்டன. எழுந்து போய்விட்டார் என்றே பவுனு நினைத்தாள். பிறகு, "கரி இருக்கா?" என்று கேட்டார்.

அவள் ஒரு துண்டை எடுத்து ஓட்டை வழியாக நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். சுவரின் அடியில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும், முழங்காலிட்டு நகர்ந்து நகர்ந்து, பதிவுத் துறையின் குண்டுக் கையெழுத்தில் ஒரே வரி எழுதினார்: நான் முதன்முதலில் இங்கே வந்தது இந்த வழியாகத்தான்.

எழுதி முடித்து, முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, நகர்ந்து நில்லும்மா என்று மட்டும் சொன்னார். பவுனு வண்டியைப் பின்னால் இழுத்தாள். அந்த வரி இறங்கியது. அடியில் தாங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் சுவர், நடந்து களைத்த மாடு படுப்பது போல, முன்னங்காலை மடித்துப் பின்னங்காலை மடித்து, அலுங்காமல் கீழே உட்கார்ந்தது. புழுதி எழும்பி அடங்கியது. இந்தப் பக்கம் பவுனுவும் அந்தப் பக்கம் தணிகாசலமும் நடுவில் எதுவுமில்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சட்டை கசங்கியிருந்தது. கொடுத்தால் தேய்த்துத் தருவேனே என்று அவளுக்கு வாய்வரைக்கும் வந்தது.

செங்கற்களை ஓடைமேட்டார் அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள், நகர்க்காரர்கள் செடிக்குப் பாத்தி கட்ட எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் அங்கே ஒன்றும் இல்லை. ஆடி பிறந்து வெகுநாள் கழித்து, மாசிலாமணியின் உள்ளங்கை மனுவுக்குப் பதிலாகச் சுவரை அகற்றச் சொல்லி உத்தரவும், அகற்ற ஒரு ஜேசிபியும் வந்தன. டிரைவர் இறங்கி இங்கேயும் அங்கேயும் பார்த்தார். மாசிலாமணி அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, உத்தரவை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். வரிசையாக இருந்த அடைமொழிகளுக்குப் பிறகு, பாதை என்ற சொல் அதில் தெளிவாக அச்சாகியிருந்தது.

பாதை திறந்ததும் ஓடைமேட்டில் எல்லோருக்கும் நேரம் கையில் மிஞ்சியது. அதை என்ன செய்வதென்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் முதல் மணிக்கு முன்னாலேயே போய்ப் பள்ளிக்கூட கேட்டைப் பிடித்து ஆடினார்கள். பவுனு வண்டியைத் தள்ளிக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தால், நகரில் இன்னும் பால் பாக்கெட்டைக்கூட யாரும் எடுத்திருக்கவில்லை. கரியை மூட்டினாள். தணல் பிடிக்கும்வரை செய்ய ஒன்றுமில்லை. காலை நீட்டி உட்கார்ந்தாள். புங்கம்பூ விழுந்துகொண்டிருந்தது. இப்படி வெறுமனே உட்கார்வது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. அது நன்றாக இருந்தது. மடித்த துணிக்குச் சுற்றுவதற்காக வைத்திருந்த பழைய பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். தினமும் படித்தாள். சினிமா, கொலை, தங்கம் விலை எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

வத்சலா ஒரு நாள் காலையில் டீயை ஆற்றிக்கொண்டே துணி மூட்டையோடு வந்தபோது பவுனு பேப்பரின் ஒரு மூலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ தெற்கே ஓர் ஊரில், சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் யாரோ சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. சின்னச் செய்தி. அங்கே பாதை எதுவும் இருந்ததாகப் பதிவுகளில் இல்லை என்று ஓர் அதிகாரி சொல்லியிருந்தார்.

பவுனு அந்த ஊரின் பேரைக் காட்டி, இங்கேயிருந்து எந்த பஸ் போகும் என்று கேட்டாள். வத்சலா மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்த்து, நேர் பஸ் கிடையாது, இரண்டு இடத்தில் மாற வேண்டும் என்றார். அங்கே போய் நீ என்ன எழுதப் போகிறாய் என்றும் கேட்டார்.

"நான் ஒண்ணும் எழுத மாட்டேம்மா. அது அவங்க வழி, அவங்கதான் எழுதணும்" என்றாள் பவுனு. அவிந்த கரியிலிருந்து கைக்கு அடக்கமான துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி, அந்தப் பேப்பரிலேயே வைத்து மடித்து, ஒரு சட்டையை மடிப்பது போல ஓரம் பிசகாமல் மடித்து, நூல் போட்டுக் கட்டினாள். கட்டி முடித்து, வத்சலாவின் மூட்டையை அவிழ்த்து முதல் ரவிக்கையை எடுத்து விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் துணி கொஞ்சம் லேட்டாகும்மா."